அண்ணன் பாஸ் செய்த நிறம்

1

இந்த மே மாதத்தோடு நான் கனடாவுக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்தது. வருடா வருடம் அன்றைக்கு என் மனைவி பாயசம் வைப்பாள். நான் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஓசூர்" என்பேன். பத்தொன்பது வருடமாக அதே இரண்டு வருடம். வீட்டில் யாரும் இப்போது சிரிப்பதுகூட இல்லை. இந்த முறை அந்த வசனத்தைச் சொல்லவும் இடம் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க உலோகச் சாமான்களும் மரத்துண்டுகளும் பரப்பிக் கிடந்தன. பாயசத்தை நின்றுகொண்டே குடித்தேன்.

பரப்பியவள் என் மகள் நிஷா. ஐந்து வயதில் கையைப் பிடித்து விமானத்தில் ஏற்றி வந்த பெண். இப்போது இருபத்துநான்கு. கம்ப்யூட்டர் படிப்பாள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்க, அவள் போய்க் கிட்டார் செய்யப் படித்தாள். எங்கள் வீட்டு கராஜில் கார் நின்று மூன்று வருடமாகிறது. அது இப்போது அவள் பட்டறை. அவளுடைய தமிழ் 'அப்பா'வில் தொடங்கி 'சாப்டாச்சு' என்பதோடு முடிந்துவிடும். ஆகவே அவள் ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். அவள் கோபமும் கிண்டலும் இதில் கொஞ்சம் குறைந்துதான் வந்து சேரும்.

"அப்பா, நீங்கள்தானே முலாம் பூசும் ப்ளேட்டிங் ஷாப்பில் இருந்தவர். இதில் எது நன்றாக இருக்கும் என்று சொல்லுங்கள்" என்றாள்.

அவள் செய்துகொண்டிருந்தது ஆர்ச்டாப் என்ற வகைக் கிட்டார். மேல்பலகை தட்டையாக இருக்காது. வயலின் மாதிரி உப்பி நிற்கும். கனத்த பலகையை எடுத்துக் கையாலேயே குடைந்து அந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். நடுவில் வட்ட ஓட்டைக்குப் பதில் இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு திறப்புகள். தந்திகளின் வால் முனை, அடிப்பக்கம் இருக்கும் டெயில்பீஸ் என்ற உலோகத் தகட்டில் போய்க் கோத்துக்கொள்ளும். மேசையில் அந்த டெயில்பீஸ் மூன்று கிடந்தன: ஒன்று தங்க முலாம், ஒன்று குரோம், ஒன்று நிக்கல். பக்கத்தில் தந்தி முறுக்கும் திருகுகள். அப்புறம் சீட்டுக்கட்டு அளவில் நான்கு மரத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் பூசி, பின்பக்கம் நம்பர் போட்டு வைத்திருந்தாள்.

கிட்டார் யாருக்கென்றால், ஓசூரில் இருக்கும் என் அண்ணன் தேவராஜுக்கு. வாலிபத்தில் பெங்களூரில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது, வந்திருந்தவர் ஒருவர் தன் ஆர்ச்டாப்பை அரை மணி நேரம் அண்ணன் மடியில் வைக்கக் கொடுத்தாராம். அந்த அரை மணி நேரத்தை நாற்பது வருடமாகப் பேசுகிறார். நாற்பது வருடமாக சர்ச்சில் வாசிப்பது மட்டும் ஒரு பிளைவுட் கிட்டார். நிஷா பதினேழு வயதில் ஒரு மாதம் ஓசூரில் தங்கியபோது அந்தப் பிளைவுட்டை இருவருமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன மொழி என்று கேட்காதீர்கள். அண்ணனுக்குத் தெரிந்தது ஃபேக்டரி இங்கிலீஷ். கிளியரன்ஸ், பர், ஃபினிஷ், ஓகே, நாட் ஓகே. மரத்தைப் பற்றிப் பேச அது போதுமாக இருந்தது. அவர் அவளை மேடம் என்பார். அவள் பெரியப்பா என்பதை ஒரு மாதிரி 'பெரிப்பா' என்பாள். என்னோடு அவள் அவ்வளவு பேசியதில்லை.

2

அண்ணன் வேலை பார்த்தது ஓசூர் சிப்காட்டில் ஒரு ப்ளேட்டிங் ஷாப். முலாம் பூசிக் காய்ந்து வரும் உருப்படிகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் ஃபைனல் இன்ஸ்பெக்டர். உருப்படியைக் கையில் எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து, மூன்று நொடி பார்ப்பார். ஊசிமுனைப் புள்ளி இருந்தாலும் தனியே தூக்கிப் போட்டுவிடுவார். முப்பத்தொரு வருடம் அதே டேபிள், அதே லைட்.

நானும் அங்கேதான் சேர்ந்தேன். ஆனால் என் வியர்வை ஆகாது. சிலருக்கு அப்படித்தான், காலையில் நான் தொட்ட இரும்பில் மறுநாள் என் விரல் ரேகை பழுப்பாக எழுந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்தவர் அண்ணன். தம்பி என்றும் பார்க்காமல் மேலே எழுதிக் கொடுத்து, என்னைப் பேப்பர் வேலைக்கு மாற்றிவிட்டார். ரிப்போர்ட், சலான், டெஸ்பாட்ச் நோட் என்று பதினோரு வருடம் எழுதித் தள்ளினேன். அந்தப் பேப்பர் வேலைதான் என்னைக் கனடா வரை கொண்டுவந்தது.

டெயில்பீஸ்களையும் நான்கு நிறத்துண்டுகளையும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். மறுநாள் காலை அண்ணனின் குரல் வந்திருந்தது.

"டேய், கோல்டு வேணாம்டா. உள்ளங்கை படற எடத்துல ஆறு மாசத்துல தேஞ்சி போவும், உள்ள இருக்கற நிக்கல் பல்ல இளிக்கும். குரோம் ஆஸ்பத்திரி கொழாய் மாதிரி இருக்கும். நிக்கலே போடச் சொல்லு. அது மங்கும், ஆனா மரியாதையா மங்கும். கலரு மட்டும் போட்டோல பாத்துச் சொல்ல முடியாது. உன் போனு ஒண்ணு காட்டும், என் போனு ஒண்ணு காட்டும். சாம்பிள் அனுப்பச் சொல்லு மேடத்த. கைல வாங்கி வெயில்ல வெச்சிப் பாத்து சைன் பண்ணிக் குடுக்கறேன். அப்புறம் அடிக்கட்டும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரிட்டயர் ஆகி வருடம் ஒன்றாகிறது, மனுஷன் இன்னும் இன்ஸ்பெக்ஷன் டேபிளை விட்டு எழுந்திருக்கவில்லை. நிஷாவுக்கு விளக்கினேன். எங்கள் ஷாப்பில் பளபளப்பு எவ்வளவு, நிறம் எது என்பதை எழுத்தில் எழுத மாட்டார்கள். ஓர் உருப்படியை எடுத்து, இதுதான் சரி என்று பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். பிறகு வாய்ப்பேச்சு செல்லாது. முதலாளியே வந்து வேறு சொன்னாலும் கையெழுத்துப் போட்ட துண்டுதான் கணக்கு. நிஷாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றே நான்கு துண்டுகளையும் பஞ்சு வைத்துப் பொதிந்து கொடுத்தாள்.

கூரியர் படிவத்தை நான்தான் நிரப்பினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கட்டம். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் 'அன்பளிப்பு' என்று எழுதியிருப்பான். நான் ஆங்கிலத்தில், 'ஃபினிஷ் சாம்பிள், நான்கு, ஒப்புதலுக்காக' என்று அழகாக எழுதிக் கோடு போட்டேன். பதினோரு வருடம் டெஸ்பாட்ச் நோட் எழுதிய கை, வேறெப்படி எழுதும்?

பார்சல் இந்தியா போய் இறங்கியதும் சுங்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சாம்பிள் என்றால் வியாபாரம். வாங்கும் கம்பெனியின் இறக்குமதி நம்பர் என்ன என்று மெயில் வந்தது. வாங்குவது கம்பெனி இல்லை, என் அண்ணன் என்று பதில் போட்டேன். கம்பெனி இல்லாதவருக்குச் சாம்பிள் எதற்கு என்று கேட்டு மறு மெயில். நியாயமான கேள்விதான். அப்புறம் மரத்துக்குப் பூச்சிமருந்துச் சான்றிதழ் கேட்டார்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் வர ஐந்து நாள், ஆறு நாள். சனிக்கிழமை போனில் தவறாமல் அண்ணன் கேட்பார், "சாம்பிள் எப்ப வரும்டா?" என்று. ஒருமுறை, "ரிட்டயர் ஆன ஆளுக்கு என்னா அவசரம்?" என்று கேலி செய்தேன். "அதான, எனக்கென்னா அவசரம்" என்று அவரும் சிரித்தார்.

3

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரத்தில் அண்ணி கூப்பிட்டார். எஸ்தர் அண்ணி தானாக என்னைக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. ராயக்கோட்டையில் தன் தங்கை வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். தக்காளி மண்டிப் பக்கம் நின்று பேசினார் போல, லாரி இரைச்சலுக்கு நடுவே குரல் விட்டு விட்டு வந்தது.

"தம்பி, அந்த மரத்துண்டு எப்ப வரும்?"

"அது ஆபீஸ்ல மாட்டிக்கிச்சு அண்ணி. எழுதிட்டே இருக்கேன்."

"சீக்கிரம் வந்தாத் தேவல. அவருக்குக் கண்ணு போய்க்கினு இருக்குது தம்பி."

எனக்குப் புரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. போன மழைக்காலத்திலேயே இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்குப் பெங்களூரில் மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள்.

"எனக்கு ஏன் அண்ணி யாரும் சொல்லல?"

"உங்களுக்கு மட்டுமா? எனக்கே அவரு சொல்லல. டாக்டர்கிட்ட அவரு கன்னடத்துல கேட்டாரு, எனக்குப் புரியக் கூடாதுன்னு. நான் சிங்காரப்பேட்டைக்காரி, எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு அவரு நெனப்பு. கட்டிக்கினு வந்து முப்பத்தி மூணு வருஷம் ஆவுது. பக்கத்து வூடு கன்னடம், எதுத்த வூடு கன்னடம். எனக்குப் பேச வராது, அவ்ளோதான். காது கேக்காதா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எடது மாதிரியே வலதும் ஆவும்னாரு. ஊசி போட்டுத் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியாதுன்னாரு. வெளிய வந்து, 'எல்லாம் சரியாயிடும்னு சொல்றாரு எஸ்தரு'ன்னாரு. நானும் சரின்னேன். பஸ்ல அத்திப்பள்ளி தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல."

படம் அனுப்பியபோது நடந்ததையும் சொன்னார். போனை மூக்குக்கு மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தாராம். அப்புறம் அண்ணியிடம் நீட்டி, பரீட்சை வைக்கிற மாதிரி, "எது எப்பிடி இருக்குது சொல்லு பாக்கலாம்" என்றாராம். "நான் ஒண்ணொண்ணா சொன்னேன் தம்பி. ரெண்டாம் நம்பரு நல்ல செவப்பு, பேரீச்சம்பழம் மாதிரி இருக்குதுன்னேன். அதுமேல மனசு வெச்சிக்கினாரு. தெனம் கேக்கறாரு, வந்துச்சா வந்துச்சான்னு. இருக்கற பார்வைல அத ஒரு தடவ பாத்துப்புடணும்னு இருக்குது போல. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். உங்களுக்குத் தெரியும்னும் தெரிய வேணாம். என்னிக்காவது அவரே சொல்லட்டும்."

போனை வைத்த பிறகு எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. மறைத்த அண்ணன்மேலா, தெரிந்தும் தெரியாதவராக நடிக்கும் அண்ணிமேலா? நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தை நாலு வாரத்தைத் தின்றுவிட்டது. அண்ணனிடம் இருந்ததே எண்ணிச் சொல்லக்கூடிய வாரங்கள்.

உடனே புறப்பட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே நான் வேலை பார்க்கும் ஃபேக்டரி ஜூலைக் கடைசியில்தான் இரண்டு வாரம் மூடும், அதற்கு முன்னால் லீவு இல்லை. இது வெளியே சொல்லும் காரணம். உண்மையான காரணம், அண்ணன் எதிரில் உட்கார்ந்து எதுவும் தெரியாத முகம் காட்ட எனக்கு வராது.

4

நிஷாவிடம் மட்டும் சொன்னேன். கராஜில் ஸ்டூலில் உட்கார்ந்து மேல்பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவள் அடிக்க நினைத்திருந்தது லாக்கர் என்ற ஒருவகை வார்னிஷ். மெலிதாகப் பத்துப் பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. முடிந்ததும் ஒரு மாதம் தொங்கவிட்டு இறுக வைத்து, பிறகுதான் மெருகு. மொத்தம் இரண்டு மாதத்துக்குக் குறையாது. அவசரப்பட்டால் பளபளப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொரு வழி அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்துப் பூசுவது. பத்து நாளில் முடித்து அனுப்பிவிடலாம். பார்க்க லாக்கரைவிட அழகாகக்கூட இருக்கும்.

"அப்போ அரக்கே பூசிடு" என்றேன்.

"அரக்கு வியர்வைக்கு ஆகாது அப்பா. சூட்டுக்கும் ஆகாது. பெரியப்பா வாசிக்கும்போது முழங்கையை ஊன்றுகிற இடம் ஒரே கோடையில் பிசுபிசுத்துப் போகும். பார்வை போன பிறகு அவருக்கு என்ன மிச்சம்? கையால் தொடுவதுதானே. அதைக் கெட்டுப்போகிற மாதிரியா செய்து கொடுப்பது?"

கண்ணுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் கைக்கு நிற்காத பொருளைக் கொடுக்க வேண்டும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

"அவரையே கேட்போம்" என்றாள். "முப்பத்தொரு வருடம் இதைத்தானே செய்தார்? இதைவிடச் சரியாக யார் சொல்ல முடியும்?"

"கேக்க முடியாதும்மா. கேட்டா, நமக்குத் தெரியும்னு ஆயிடும்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, யாருக்கும் எதுவும் தெரியாத மாதிரி பேசுகிறீர்கள். இது என்ன வழக்கம் அப்பா?"

உங்கள் குடும்பம் என்றாள். இங்கே டாக்டர் நோயாளியை உட்காரவைத்து முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார், அதைப் பார்த்து வளர்ந்த பெண். கடைசியில் அவளேதான் முடிவு செய்தாள். சாம்பிள் போய்ச் சேரட்டும், பெரியப்பா நிறத்தைச் சொன்ன அன்றைக்கே அரக்குப் பூசத் தொடங்குகிறேன் என்றாள். பார்த்துவிடட்டும். கை வைக்கிற இடம் கெட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் மனசில்லாமல் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

பார்சல் ஆறாவது வாரம் விடுபட்டது. கூரியர் ஆபீஸில் ஒரு பெண் எடுத்துச் சொன்னார்: இது வியாபாரம் இல்லை, தம்பி அண்ணனுக்கு அனுப்பிய பொருள் என்று வாங்குகிறவர் கைப்பட ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம். அண்ணி எழுதினார், அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கக் கடிதம். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

5

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. இங்கே காலை ஏழு மணி, ஓசூரில் மாலை நாலரை. வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அண்ணன் மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அண்ணி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பிடிச் சுவர்மேல் நான்கு துண்டுகளும் வரிசையாக இருந்தன. நானும் நிஷாவும் கராஜில் ஒரே திரைக்குமுன் தலையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, ஷிஃப்டுக்குப் போகிற மாதிரி இருந்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, மற்றபடி அதே அண்ணன். "குட் மார்னிங் மேடம்" என்றார்.

ஒவ்வொரு துண்டாக எடுத்தார். கட்டைவிரலை மேலே ஓட்டினார், ஓரத்தை நகத்தால் நெருடினார். "நோ பின்ஹோல். நோ டஸ்ட். எட்ஜ் வெரி குட், மேடம்." அத்தனையும் சரி. ஒன்றில், "திஸ் சைடு லிட்டில் திக்" என்றார். நிஷா என் தொடையைக் கிள்ளினாள். அந்த இடத்தில் அவள் இரண்டு முறை பூசியிருந்தாளாம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அண்ணி ஏதோ பயந்து பேசிவிட்டார், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். நினைக்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

பிறகு ஒரு துண்டை உயரத் தூக்கினார். வெயிலுக்கு நேரே சாய்த்து, டியூப் லைட்டில் செய்வதுபோலவே மூன்று நொடி பார்த்தார். பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"திஸ் ஒன், மேடம். நம்பர் டூ. ரெட். வெரி வெரி நைஸ் ரெட்."

அவர் கையில் இருந்தது நாலாம் நம்பர். தேன் நிறம். நான்கில் எல்லாவற்றையும்விட வெளிறியது அதுதான். சிவப்புத் துண்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் சுவர்மேல் வெயிலில் கிடந்தது.

அண்ணி போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஒரு கணம் வானம் தெரிந்தது, தண்ணீர்த்தொட்டி தெரிந்தது, திரும்ப அண்ணன் வந்தார்.

"நல்லா இருக்குதா எஸ்தரு?"

"நல்லா இருக்குதுங்க" என்றார் அண்ணி. "பேரீச்சம்பழம் மாதிரியே இருக்குது."

"பேனா குடு."

துண்டைத் திருப்பி உள்ளங்கையில் வைத்து, பழைய கையெழுத்தைப் போட்டார். தேவராஜ் என்று முழுதாக எழுதிக் கீழே இரண்டு கோடு போடுவார். பெயர் மரத்தில் தொடங்கி, பாதியில் விளிம்பைத் தாண்டி, மீதி அவர் விரலில் போய் முடிந்தது. கோடு இரண்டும் விரல்மேலேயே விழுந்தன. அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"அப்ரூவ்டா மேடம்?"

நான் பேசியிருக்க வேண்டும். நிஷாதான் பேசினாள். இம்மி பிசகாத குரலில், "அப்ரூவ்டு, பெரிப்பா. நல்ல சிவப்பு" என்றாள். கடைசி இரண்டு வார்த்தைகளையும் தமிழில் சொன்னாள். அவற்றை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

போன் அணைந்தது. அவள் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கையெழுத்துப் போட்டது தேன் நிறம். வாயால் சொன்னது சிவப்பு. கையெழுத்துப் போட்டதுதான் கணக்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எதைப் பூசுவது?"

"சிவப்பே பூசும்மா" என்றேன். கிட்டார் போய்ச் சேர்ந்ததும் சர்ச்சில் நாலு பேர் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். கலர் எப்படி என்று அண்ணன் அவர்களைச் சும்மா கேட்பதுபோலக் கேட்பார். சிவப்பு என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

"சரி. இன்றைக்கே அரக்கைக் கரைக்கட்டுமா?"

"வேண்டாம். லாக்கர் அடி. பத்துப் பூச்சும் அடி. நல்லா காயட்டும்."

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டி, வாரங்களை விரலால் எண்ணினாள். "செப்டம்பர் ஆகிவிடும் அப்பா" என்றாள்.

"ஆகட்டும்" என்றேன். "இனிமே அவசரம் இல்ல."